நத்தை பிழைக்குமா?

மாப்பிள்ளை நத்தைக் கட்சி என்று தெரிந்தவுடனேயே அவளுக்குப் பாதி ஆர்வம் விட்டுப்போயிற்று.

'மேகத் தீவுகள்' என்று ஒரு மாயக்கதைத் தொடர். மிதக்கிற தீவுகள், பேசுகிற கெட்டில்கள், யாருமே சாகாத ஊர். அதன் நாயகன் ஒரு தபால்காரன். அவன் ஏறிப் போவது குதிரையும் இல்லை, கழுகும் இல்லை. நத்தை. ஆளுயர நத்தை. தோளில் ஒரு பை தொங்கும். யாருக்கு எந்த நேரத்தில் எந்தக் கடிதம் தேவையோ அது தானாகப் பையிலிருந்து வரும். படித்த மாத்திரத்தில் கொள்ளைக்காரன்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருந்திவிடுவான். தினமும் சவரம் செய்துகொள்கிற வயதில் இருக்கும் ஆண்கள் இதைப் படித்துக் கண்கலங்குகிறார்கள் என்பதை அவளால் மன்னிக்கவே முடிந்ததில்லை.

அவள் 'கரிக்கண்டம்' கட்சி. ஒவ்வொரு பாகமும் தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு தடிமன். அதில் வரும் பெண் தளபதியின் விரல் நுனியில் தீ இருக்கிறது. அதை மூட்டும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய நினைவுகளில் ஒன்று எரிந்து போகும். நடுவில் ஒரு போரில் அம்மாவின் முகம் போயிற்று. இன்னொரு முற்றுகையில் சொந்தப் பெயரே போயிற்று. படித்து முடித்த அன்று அவள் வேலைக்கு லீவு போட்டாள்.

வேலை, பல் செய்கிற லேபில். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் தாடை கீழ் தாடை இரண்டையும் கீல் வைத்த சட்டத்தில் பொருத்தி, மெழுகில் பல் செதுக்கி, கடி சேர்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவளைப் பார்த்துத்தான் யாரும் சிரிப்பதில்லை, அவள் வாய் அப்படி.

அப்பா தையல்காரர். வரன் வந்த அன்று வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"பையன் வெளியூர்ல லிஃப்ட் இன்ஸ்பெக்டராம்மா. ஆனா அது பெரிசில்ல. அவனும் உன்னை மாதிரி இன்டர்நெட்ல கதை எழுதறானாம். துணிக்கு ஏத்த லைனிங் மாதிரி அமைஞ்சிருக்கு."

"என்ன கதை எழுதறானாம்?"

"ஏதோ நத்தைன்னாங்க."

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவள் எழுதுவதும் அவன் எழுதுவதும் புத்தகமாக வருகிற எழுத்தல்ல. பிடித்த தொடரின் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் இஷ்டத்துக்குக் கதை கட்டி, ரசிகர்களுக்கான தளத்தில் போடுகிற எழுத்து. பத்து பேர் புகழ்வார்கள், இருபது பேர் சண்டைக்கு வருவார்கள். அவள் அந்த இருபதில் நிரந்தர உறுப்பினர்.

காபிக் கடையில் முதல் சந்திப்பு. ஆள் ஒழுங்காகத்தான் இருந்தான். சட்டைப் பையில் டார்ச், பெல்ட்டில் அளவு டேப். உட்கார்ந்ததும் அவளையே ஒரு நிமிடம் பார்த்தான்.

"என் கதைக்குக் கீழ 'படிச்சதுல பல்லு கூசுது'ன்னு எழுதினது நீங்கதானே?"

"தொழில் ரீதியா சொன்ன கருத்து அது."

அவன் சிரித்தான். வாய்விட்டு, பின்பல் தெரிய. கடைவாயில் ஒரு பழைய அடைப்பு, சுமாரான வேலை. அவள் எதிர்பார்த்தது முகம் சுருங்குவதை. இது கணக்கில் இல்லாதது.

"உங்க தளபதியும் என் தபால்காரனும் ஒரே கதையில சந்திச்சா எப்படி இருக்கும்?" என்றான். "கிராஸ்ஓவர். சேர்ந்து எழுதலாமா?"

இரண்டு தொடர்களை ஒரே கதையில் முடிச்சுப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர். அவளைப் பொறுத்தவரை அது ரத்தக் காயத்தில் சர்க்கரை தூவுகிற வேலை. ஆனால் ஒரு மனுஷனோடு காலம் தள்ள முடியுமா என்று தெரிந்துகொள்ள, அவன் வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்று கேட்பதைவிட இது உருப்படியான வழி என்று தோன்றியது.

"சரி. திட்டம் முழுசா போட்டு முடிப்போம். அதுக்கப்புறம் பதில் சொல்றேன்."

எதற்குப் பதில் என்று இருவருக்கும் தெரியும். அவன் வீட்டில் மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் காபி ஆறியதுதான் மிச்சம். அவள் முதலில் கேட்டது நத்தையின் உயிரை.

"முதல் பக்கத்துலயே நத்தை சாகணும். அப்பதான் என் உலகத்துக்குள்ள வந்திருக்கோம்னு படிக்கறவனுக்கு உறைக்கும்."

"ஐயோ, நத்தை வேணாங்க."

"வேற யாரைக் கொல்றது? கெட்டிலையா?"

"நத்தை அவனுக்கு சின்ன வயசுலேருந்து துணை. அவன் அழுதா அது கூட்டுக்குள்ள போயிடும், தெரியுமா?"

"கோழை நத்தை."

"கொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

கெஞ்சும்போது அவன் அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, நத்தையை விட்டுக்கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் இப்படி இறங்கி வந்தது அபூர்வம். மறுநாள் லேபில் முதலாளியக்காவிடம் சொன்னபோது அந்த அம்மாள் மெழுகுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"நீயா விட்டுக்கொடுத்தே? காய்ச்சலா?"

"ஒரு நத்தைதானேக்கா."

"இப்படித்தான் ஆரம்பிக்கும்," என்றார் அக்கா, இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்த அனுபவத்தோடு.

உண்மையில் அவளுக்கு அவனைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவளுக்காகக் கரிக்கண்டத்தை முழுக்கப் படித்திருந்தான். அம்மாவின் முகம் எரிந்துபோகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடியில் நடந்தானாம். இரண்டு உலகங்களும் சந்திக்கும் இடத்தையும் அவன்தான் யோசித்தான். கரிக்கண்டத்தின் எரிந்த மதிலில் ஒரு கதவு. இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் மேகம். லிஃப்டும் அப்படித்தான், கதவு மூடித் திறக்கும்போது தளம் மாறியிருக்கும் என்று கையை விரித்துக் காட்டினான். அவள் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் ஒரு சபாஷ் போட்டாள்.

திட்டத்தை ஒழுங்குபடுத்தி எழுதி அனுப்புவது அவன் பொறுப்பு. அது வந்தபோது அவள் லேபில் பிளாஸ்டர் இறுகுவதற்காகக் காத்திருந்தாள். போனைத் துடைத்துவிட்டுப் படித்தாள்.

தளபதி கதவைத் தாண்டுகிறாள். மேகத் தீவில் கால் வைத்ததும் அவள் விரல்நுனித் தீ அணைந்துபோகிறது. அங்கே துக்கமே இல்லை, ஆகவே தீயும் இல்லை. முதலில் திகைக்கிறாள். பிறகு தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கக் கற்றுக்கொள்கிறாள். சிரிக்கிறாள்.

சரி, போகட்டும். அடுத்த பகுதி. தபால்காரன் கரிக்கண்டத்துக்குள் வருகிறான். சாம்பல் மழை. கொலைகார ராஜா. பையைத் திறக்கிறான். பை வேலை செய்கிறது. கடிதம் வருகிறது. ராஜா படிக்கிறான். அழுகிறான். போர் முடிகிறது.

அவள் திரும்ப ஒரு தடவை படித்தாள். பக்கத்திலிருந்த சட்டத்தில் ஒரு மேல்தாடையும் கீழ்தாடையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"அக்கா, இங்க பாருங்க. கதவு ஒண்ணுதான். அதுல இவ போனா தீ அணையுது. அவன் வந்தா பை அணையலை."

முதலாளியக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "மறந்திருப்பான்."

"அதான் கேக்கப்போறேன்."

மறந்திருக்க வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். காபிக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்காக அவளே ஒரு சாக்கு தயாரித்து வைத்திருந்தாள். அவசரத்தில் எழுதினான், வேலை அதிகம், இப்படி.

அவன் மறக்கவில்லை.

"யோசிச்சுத்தான் எழுதினேன்," என்றான் உற்சாகமாக. "பை ஓடறது மரியாதையில. மரியாதை எல்லா உலகத்துலயும் செல்லும். அதனால பை எங்கயும் வேலை செய்யும். தீ அப்படி இல்ல பாருங்க, அது சோகத்துல எரியறது. எங்க தீவுல அதுக்கு எரிபொருள் கிடையாது."

"நல்லா இருக்கு. அப்ப கரிக்கண்டத்துல மரியாதை கிடையாதுன்னு வெச்சுக்குவோம். எந்தப் பாகத்துல வேணாலும் எடுத்துப் பாருங்க, ஒருத்தன் ஒருத்தனை நீங்கன்னு கூப்பிட்டிருக்க மாட்டான். பையும் வேலை செய்யாது. சரியா?"

அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"அதெப்படிங்க? பையை எடுத்துட்டா தபால்காரன்கிட்ட என்ன இருக்கு? அவன் அவனா இருக்க மாட்டானே."

"தீயை எடுத்துட்டா தளபதி?"

"அவளுக்கு நிம்மதிதானே?" என்றான் அவன். குரலில் உண்மையான கனிவு இருந்தது, அதுதான் கொடுமை. "பாவம், எவ்வளவு காலம் எரிஞ்சுக்கிட்டே இருப்பா. எங்க பக்கம் வந்துட்டா அவளுக்கு அதெல்லாம் தேவையே இல்லைங்க."

சர்வர் வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு, புதுப் பல் உயரமாக இடிக்கிறதா என்று நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லும் டாக்டரைப் போல, நிதானமாக ஒன்று கேட்டாள்.

"உங்க ஊர்ல பல் லேப் இருக்கா?"

"தெரியலையே. விசாரிக்கணும்." அவன் பேச்சு மாறியதில் நிம்மதியானான். "ஆனா நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? பிளாஸ்டர் தூசி, மெழுகு நாத்தம். எங்க வீட்டுல உங்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லைங்க."

அதே வாக்கியம். வார்த்தைகூட மாறவில்லை. சற்றுமுன் அதையேதான் சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கவும் இல்லை. டேப்பை இழுத்து விட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான், நல்ல செய்தி சொன்னவனைப் போல.

"நீங்க இந்த ஊருக்கு வரலாமே," என்றாள் அவள். "இங்கயும் லிஃப்ட் இருக்கு. ஏறி இறங்குது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"விளையாடறீங்களா? என் வேலை, என் சர்வீஸ்... அதை விட்டுட்டு நான் இங்க வந்து என்ன பண்றது?"

"கடிதம் பிரிக்கலாம்."

அவள் எழுந்து போய்த் தன் காபிக்கான காசைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். அவன் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் கடைசிவரை மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அது தெரிந்தது. லிஃப்ட் பரிசோதகருக்கு ஊரிலுள்ள எல்லாக் கதவும் தெரியும், இது ஒன்றைத் தவிர.

வீட்டில் அப்பா ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்டுக்கு என்ன சொல்லட்டும்மா?"

"வேணாம்னு சொல்லுங்கப்பா."

"ஏன்? நல்லவன்தானே?"

"நல்லவன்தான். கதவைத் தாண்டினா எனக்கு எல்லாம் அணையும், அவனுக்கு ஒண்ணும் அணையாது. கேட்டா, உன் நல்லதுக்குத்தாங்கறான்."

அப்பாவுக்குக் கதவு புரியவில்லை. ஆனால் பிரித்த கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நேத்து ஒருத்தர் வந்தாரு," என்றார். "அவரோட கோட்டு அவருக்குச் சேரலை. கோட்டைத் திருத்தித் தரேன்னேன். வேணாமாம், தோளை நிமிர்த்திக்கிறாராம். ஒரு மணி நேரம் அப்படியே நின்னாரு, பாவம். கடைசியில நான்தான் பிரிக்க ஆரம்பிச்சேன்." குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டார். "வேணாம்னே சொல்லிடறேன். காரணம் கேட்டா?"

"நத்தைன்னு சொல்லுங்க."

"அது போதுமா?"

"அவங்களுக்குப் புரியாது. ஆனா போதும்."

சொல்லியாயிற்று. அந்த வீட்டார் வருத்தப்பட்டார்கள். பெண்ணுக்கு வாய் அதிகம் என்று வந்த வழியாகவே செய்தி திரும்பி வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மெருகு ஏற்றினாள்.

பல வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கல்யாணம் வேண்டாம், சரி. கதையை அப்படியே விட மனசு வரலை. மாத்தி எழுதியிருக்கேன். பாருங்க."

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தாள்.

தபால்காரன் கதவைத் தாண்டி வருகிறான். பையில் கைவிடுகிறான். ஒன்றும் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து உதறுகிறான். தூசிதான் விழுகிறது. வழியில் ஒருவனிடம் வழி கேட்கிறான், அவன் காறித் துப்புகிறான். இருட்டுகிற வரை சாம்பலில் உட்கார்ந்து, காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு வேறு என்ன தெரியும் என்று யோசிக்கிறான். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

இந்த ஆள் எழுதியதிலேயே இதுதான் உருப்படியான பக்கம். அவளுக்குப் பொறாமைகூட வந்தது. பாவி, இதை நான் கேட்டபோதே எழுதியிருக்கலாம்.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். "இப்ப ரெண்டு பக்கமும் சமம்தானே? வீட்டுல மறுபடி பேசச் சொல்லட்டுமா?"

முதலாளியக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னடி, திருந்திட்டானா?"

"தபால்காரன் திருந்திட்டான்," என்றாள் அவள். "இவன் வேலையை மாத்திக்கிட்டு வந்தானான்னு பாருங்க. அதே ஊர், அதே வீடு, அதே லிஃப்ட். பேப்பர்ல இருக்கறவனைத்தான் சாம்பல்ல உக்கார வெச்சிருக்கான்."

"அப்ப பதில்?"

"கதைக்குச் சரி," என்று தட்டினாள். யோசித்து, "கதைக்கு மட்டும்" என்று திருத்தி அனுப்பினாள்.

பிறகு டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். எரிந்த மதில், பாதி திறந்த கதவு, சாம்பல் மழை. கதவிடுக்கில் ஆளுயர நத்தை தன் இரண்டு கொம்புகளையும் நீட்டி, உள்ளே வரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதைக் கொன்றாள்.