முதலில் மகரேத்தா இறங்கட்டும்

லைசானியிடம் இருப்பது மூன்றே குடில்கள். நான்காவதாக ஒன்று கட்டினால் என்ன என்று கேட்பவர்களிடம், "கட்டலாம். வர்றவங்களுக்குச் சேம்பு தோண்ட நீ வர்றியா?" என்பாள். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார். அவள் இருக்கும் கண்டாவுத் தீவின் மறுபக்கம் பெரிய விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பவளத் திட்டைச் சுற்றி நாற்பது பேர் மூச்சுக்குழலும் கையுமாகக் காலை உதைத்துக்கொண்டு மிதப்பார்கள். மீன் எங்கே தெரியும், முன்னால் போகிறவரின் உள்ளங்கால்தான் தெரியும். லைசானியின் வாசலிலோ ஆறு பேருக்கு ஒரு கடல். சாப்பிடலாம், மிதக்கலாம், தூங்கலாம், எழுந்து மறுபடி சாப்பிடலாம்.

அந்தக் கடலைத்தான் இந்த வருஷம் மூடிவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் லைசானியின் அப்பா, ஊரின் தலைவர், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். தலைவர் போனால் அவர் குடும்பத்து நீருக்கு நூறு நாள் ஓய்வு. வலை வீசக் கூடாது, கால் நனைக்கக் கூடாது. லைசானியின் அண்ணன் வைசாகே தன் கையாலேயே கரையோரத் தண்ணீரில் கம்பம் நட்டு, அதில் தென்னங்குருத்தைக் கட்டினான். லைசானி அழுதாள். அழுது முடித்த மறுநாள், தங்க வருவதாகச் சொல்லியிருந்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினாள்: கடல் மூடியிருக்கிறது, செப்டம்பருக்கு மேல் வாருங்கள்.

ஒருத்திக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. "அப்பா போயிட்டார். நீ வா" என்று மட்டும் எழுதினாள்.

அந்த ஒருத்தி நியூசிலாந்துக்காரி மார்கரெட். எழுபத்து நான்கு வயது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள், பத்து வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் பத்து நாள் இங்கே வந்து மிதப்பவள். முதல் தடவை வந்தபோது லைசானி நிறைமாதம். வலி எடுத்த நேரத்தில் படகில் கூடவே ஏறி, ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள் மார்கரெட். பிறந்த பெண்ணுக்கு மகரேத்தா என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊரில் ஒரே பெயர் கொண்ட இருவர் என்றால் இரண்டு உடம்பில் ஓர் ஆள். அதனால் நாற்பது வயது லைசானிக்கு எழுபத்து நான்கு வயதில் ஒரு மகள். மார்கரெட்டும் கூச்சமே இல்லாமல் அவளை அம்மா என்பாள், வைசாகேயை மாமா என்பாள். சிறுமியும் கிழவியும் ஒருவரையொருவர் பேருக்காரி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

படகிலிருந்து இறங்கியதும் மார்கரெட் நேராகத் துக்க வீட்டுக்குப் போனாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கொண்டுவரும் யங்கோனா வேர்க்கட்டை முறைப்படி முன்னால் வைத்தாள், பாயில் உட்கார்ந்து மூக்கு சிவக்க அழுதாள். பிறகு குடிலுக்கு வந்து, லைசானிக்கும் தனக்கும் தேநீர் ஊற்றினாள். தேநீர் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் விழுந்தது.

"என்ன மகளே, வரும்போதே பெரிய விடுதிப் பக்கம் போயி ஒரு போத்தலை முடிச்சுட்டியா?" என்றாள் லைசானி.

மார்கரெட் சிரித்தாள். சிரித்தபடியே சொன்னாள்: "கண்ணு போகுதும்மா. நடுவுல ஒரே கறை. உன் மூஞ்சி தெரியல, உன் காது ரெண்டும் நல்லாத் தெரியுது. அடுத்த ஆகஸ்ட்டுல வெளிச்சம் எது இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியுமாம். இந்த மாசம் இருபத்தஞ்சாம் தேதி ஊசி போட எங்க ஊர் டாக்டர்கிட்ட நிக்கணும். அதுக்குள்ள என் சிப்பியை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்."

லைசானிக்குத் தூக்கி வாரிப் போட்டது. சிப்பி என்றால் இரண்டாள் ஆழத்தில் இருக்கும் ஒரு ராட்சதச் சிப்பி. மார்கரெட் வந்த முதல் வருஷம் அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது, உதடு மட்டும் மயில் கழுத்து நிறம். வருஷா வருஷம் அதன் நீளத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்பாள். சிறுமியின் உயரத்துக்கும் பக்கத்திலேயே ஒரு கயிறு உண்டு. இரண்டு கயிற்றுக்கும் ஒரே வயசு.

"கடல் மூடியிருக்கு மகளே," என்றாள் லைசானி. "இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு. சொன்னா நீ வரமாட்டியோன்னு பயந்து சொல்லாம விட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

மார்கரெட் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

லைசானியின் கணவன் அபெனிசா, தடையில்லாத வெளிப் பவளத் திட்டுக்குப் படகில் கூட்டிப்போகிறேன் என்றான். "அங்க என் சிப்பி இல்லையே," என்றாள் மார்கரெட்.

அண்ணனிடம் லைசானியே போய்க் கேட்டுவிடலாம்தான். ஆனால் வயது வந்த அண்ணனும் தங்கையும் இங்கே நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அது மரியாதை. இருபது வருஷமாக அவளுக்கும் வைசாகேக்கும் நடுவில் அபெனிசாதான் தபால்காரன். அவனுக்கு மச்சானிடம் என்ன வேண்டுமானாலும் பேச உரிமை உண்டு, அந்த உரிமையை அவன் வீணாக்கியதே இல்லை.

"மச்சான், உன் மூஞ்சியைப் பார்த்தா மீனெல்லாம் தானாவே செத்துடும். எதுக்குய்யா கம்பம், நீயே போயி நின்னாப் போதாதா?" என்று ஆரம்பித்தான்.

வைசாகே பாய் முடைந்துகொண்டிருந்த பெண்களைத் தாண்டி வெளியே வந்தான். "வந்த விஷயத்தைச் சொல்லுடா வாயாடி."

அபெனிசா சொன்னான். வைசாகே கம்பத்தின் பக்கம் திரும்பினான்.

"அப்பா போனப்ப நான் சுவா பட்டணத்துல சிமெண்ட் வாங்கிட்டு இருந்தேன். படகு கிடைச்சு வந்து சேர்றதுக்குள்ள குழியை வெட்டிட்டாங்க. அவருக்கு நான் செய்ய மிச்சம் இருக்கறது இந்த நூறு நாள்தான், மச்சான். அதையும் அரைகுறையா செய்யச் சொல்றியா?"

அபெனிசா வாழ்க்கையில் முதல்தடவையாக மச்சானைக் கேலி பண்ணாமல் திரும்பினான். வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனை நினைத்தாலும் பாவமாக இருந்தது, மார்கரெட்டை நினைத்தாலும் பாவமாக இருந்தது. கடைசியில் உயிரோடு இருக்கிற கண் ஜெயித்தது. மகளுக்குத் தலைவாரி, நல்ல சட்டை போட்டுவிட்டாள்.

"மாமா வீட்டுக்குப் போ. கடல் தண்ணி வேணும்னு கேளு. வேற எதுவும் பேசாத."

தாய்மாமனிடம் மருமகள் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்ற சொல் அவன் வாயில் வரக் கூடாது. பன்றியைக் கேட்டாலும் படகைக் கேட்டாலும் சரி. இந்த உரிமையை லைசானி இதுவரை பப்பாளிப் பழத்துக்குக்கூடப் பயன்படுத்தியதில்லை. மகளை அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்றாள். தேங்காய்ப்பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் வைசாகே கரைக்கு வந்தான். சிறுமி அவன் விரலைப் பிடித்திருந்தாள். பின்னாலேயே அபெனிசா ஓடிவந்தான், லைசானியும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். மார்கரெட் தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லு," என்றான் வைசாகே, கடலைப் பார்த்தபடி. "பொண்ணை அனுப்பி என் கழுத்துல கத்தி வெச்சுட்டா."

"உன் மச்சான்கிட்டச் சொல்லுய்யா," என்றாள் லைசானி, மண்ணைப் பார்த்தபடி. "கத்தி வெச்ச கைதான் முதல்ல நடுங்குது."

நடுவில் நின்ற அபெனிசா, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு," என்று முணுமுணுத்தான்.

வைசாகே முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கம்பத்தைப் பிடித்தான். பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்குவது கரையிலிருந்து தெரிந்தது.

மார்கரெட்டுக்கு அவன் முகம் தெரியாது. தோள் தெரிந்தது போலும். "அவர் என்ன செய்றார்?" என்று கேட்டாள். சிறுமி காதோடு சொன்னாள். மார்கரெட் சட்டென்று எழுந்து, தண்ணீர் விளிம்பு வரை தடவித் தடவி வந்தாள். அதைத் தாண்டி ஒரு விரல்கூட வைக்கவில்லை.

"மாமா! அதை விடுங்க. நான் கேக்கல."

"உன் பேருக்காரி கேட்டாச்சு. நீயும் அவளும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானே? அப்ப கேட்டதை நானே திருப்பி வாங்கிக்கிறேன். நான் எவ்வளவு தூரம் நீந்தினாலும் உங்க அப்பா இந்த மரத்தடியில உக்காந்து என் மூச்சுக்குழல் மேல கண்ணு வெச்சிருப்பார். பத்து வருஷம். அவருக்கு நான் ஒரு இருபது நாள் தரமாட்டேனா?"

லைசானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கிறுக்கி! அப்பா காத்திருப்பார், உன் கண்ணு காத்திருக்குமா?"

"என்கிட்ட இன்னொரு ஜோடி கண்ணு இருக்கும்மா," என்றாள் மார்கரெட். "அதுக்குப் பத்து வயசுதான் ஆகுது." கைப்பையிலிருந்து முடிச்சுக் கயிற்றை எடுத்துச் சிறுமியின் கையில் வைத்தாள். தன் நீச்சல் கண்ணாடியையும் எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள். அது சிறுமியின் மார்பு வரை தொங்கியது.

அந்தப் பத்து நாளும் மார்கரெட் கால் நனைக்கவில்லை. துக்க வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து பாய் முடையப் பழகினாள். விரலுக்குக் கண் வேண்டாம் என்று கண்டுபிடித்து எல்லோரிடமும் பெருமையடித்தாள். முடைந்ததென்னவோ கோணல். வைசாகே அதை வாங்கி அப்பாவின் சமாதியில் மேலாக விரித்தான். படகேறும் அன்று லைசானி அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. இந்தக் கிழவிமேல் தனக்கு இவ்வளவு பிரியமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நூறாவது நாள் காலையில் ஊரே வலையோடு கரையில் நின்றது. மூன்று மாதம் தொடாத கடல், மீன் கொழுத்துக் கிடந்தது. பெரிய விருந்துக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. வைசாகே கம்பத்தைப் பிடுங்கினான். இளவட்டங்கள் வலையைத் தூக்கியபோது, கையை உயர்த்தி நிறுத்தினான்.

"முதல்ல மகரேத்தா இறங்கட்டும்."

"எந்த மகரேத்தா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணுதான்யா. நீ வலையைக் கீழ வை."

சிறுமி பெரிய கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் இறுக்கி முடிந்துகொண்டு, கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நீந்திப் போனாள். வைசாகே மரத்தடியில் அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவள் முங்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினான். இருநூறு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது தேவாலயச் சுவர்மேல் மட்டும்தான். ஈரம் சொட்டச் சொட்டச் சிறுமியைத் தூக்கி மேலே நிறுத்தினான் வைசாகே. லைசானி போனைப் பிடித்தாள். நியூசிலாந்தில் மார்கரெட் முதல் மணியிலேயே எடுத்தாள். காலையிலிருந்து மடியிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"பேருக்காரி," என்றது மார்கரெட்டின் குரல். "சொல்லு. நான் என்ன பார்த்தேன்?"

சிறுமி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "முதல்ல நாம நிறைய உப்புத்தண்ணி குடிச்சோம். அப்புறம் நம்ம சிப்பியைப் பார்த்தோம். கடைசி முடிச்சைத் தாண்டி ரெண்டு விரல் வளர்ந்திருக்கு. நீலம் அப்படியே இருக்கு, நடுவுல கறை எதுவும் இல்ல."

லைசானி போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். அழுகிற மூச்சு கேட்டது. மறுபடி மகளிடம் கொடுத்தாள்.

"அது என்னைப் பார்த்துச்சா?" என்றாள் மார்கரெட்.

"நம்ம நிழல் விழுந்ததும் பயந்து வாயை மூடிக்கிச்சு," என்றாள் சிறுமி. "நான் ஆடாம அசையாம இருந்தேன். அப்புறம் நாமதான்னு தெரிஞ்சதும் திறந்துடுச்சு."