குனிந்து தாவும் மொட்டையன்

கம்பெனியில் அவளுக்குப் பெயரே செக்கிங் அக்கா. தைத்து வந்த சட்டையைக் கையில் வாங்கினால் முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள். வெளியே பார்க்க எல்லாச் சட்டையும் ஜோராகத்தான் இருக்கும், தையலின் யோக்கியதை உள்ளேதான் தெரியும் என்பாள். பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடிப்போன தம்பி இருபது வருஷம் கழித்துத் தாடியும் மீசையுமாக வாசலில் வந்து நின்று "அக்கா" என்று கூப்பிட்டபோதும் அவள் அப்படித்தான் பார்த்தாள். அம்மா அலறி அடித்துக்கொண்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எவன் பெற்ற பிள்ளையோ என்றுதான் தோன்றியது.

சந்தேகப்படக் காரணமா இல்லை? முகம் மாறும், குரல் மாறும், அது கிடக்கட்டும். வந்த அன்றைக்கே சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தானே, அதற்கு என்ன சொல்வது? அவள் தம்பி குடித்த தம்ளரைக்கூட இருந்த இடத்திலிருந்து நகர்த்தாத மகராசன். கத்தரிக்காயைக் கண்டால் மூஞ்சியைச் சுளிப்பான். இவனோ "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்கிறான். போதாக்குறைக்கு, அவன் சரியாகச் சொன்னதெல்லாம் கூடத்தில் கிடக்கும் போட்டோ ஆல்பத்தில் இருக்கிற சங்கதி. அதைத் தாண்டிக் கேட்டால் தலையைச் சொறிவான்.

"பழைய வீட்ல மாடிப்படி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"சரியா ஞாபகம் இல்லக்கா."

"அப்பா உன்னை எதுக்கு அடிச்சாரு, நீ ஓடிப்போன அன்னைக்கு?"

"பரீட்சைல கோட்டை விட்டதுக்கு."

அது தெருவுக்கே தெரிந்த கதை. டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் கிடைக்கும்.

"ஏன்டி அவனைப் போலீஸ் மாதிரி குடையறே? நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

"உனக்கு என்னதான் தெரியும்? போன தடவை வந்தவனையும் இப்படித்தான் நம்பினே" என்றாள் இவள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன தடவை ஒருத்தன் வந்தான். உங்கள் பையனை எனக்குத் தெரியும், கையோடு கூட்டி வருகிறேன் என்று நாள் கணக்கில் ஆசை காட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து, ஒரு நாள் அங்கேயே சரிந்து விழுந்தாள். இன்னொரு அதிர்ச்சியை இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இவனும் ஃபிராடு என்றால், அம்மா இன்னும் ஒட்டிக்கொள்வதற்குள் விரட்டியாக வேண்டும். நிஜமான தம்பியை விரட்டிவிட்டால் அம்மாவைக் கொன்ற பாவம் இவள் தலையில். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி தன் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். சொந்த வீட்டில் இதுவும் ஒரு கொடுமை!

அந்த வாரம் கம்பெனிக்கு வந்த ஆர்டர் குழந்தைகள் போடும் டீ-ஷர்ட். வழக்கம்போல உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே திருப்பினாள். நெஞ்சுப் பக்கம் சிரித்துக்கொண்டு நின்றான் மொட்டையன்!

வீடியோ கேம் மொட்டையன். பெட்டியின் மேல் வேறு என்னவோ பெயர் போட்டிருக்கும், அதை யார் படித்தார்கள்? கையில் ஒரு லாந்தர், இடுப்பில் ஒரு துண்டு, வழுக்கை மண்டை. ராட்சசன் திருடிப் பாதாளத்தில் பூட்டி வைத்த சூரியனை மீட்கக் கிளம்பியவன். பள்ளங்களைத் தாவி, வௌவால்களுக்குத் தப்பி, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருப்பான். இத்தனை வருஷம் கழித்தும் அவனைச் சட்டையில் அடிக்கிறார்கள், போனில் விளையாடுகிறார்கள் என்றால் சும்மாவா? அவனிடம் வாளும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. விழுந்து செத்தால் மூக்கால் அழ மாட்டான். துண்டை உதறிக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து நடப்பான். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு அவனை அவ்வளவு பிடித்தது.

சட்டையைப் பிடித்தபடியே நின்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மற்ற வீடுகளில் மொட்டையன் பட்டனைத் தட்டியதும் தாவுவான். இவர்கள் வீட்டில் மட்டும் மாட்டான். பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தி, ஒரு தடவை குனிய வைத்து, அப்புறம் அழுத்தினால்தான் எழும்புவான். கேம் பெட்டியில் ஏதோ கோளாறு. அவளும் குனிய வைத்துத்தான் தாவுவாள், தம்பியும் அப்படித்தான். இது எந்த ஆல்பத்திலும் இல்லை, டீக்கடையிலும் கிடைக்காது. சின்ன வயசில் படிந்த கைப்பழக்கம் லேசில் போகாது. மாட்டினாயடா மகனே என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா உள்ளறையில் கண்ணயர்ந்ததும், பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டி, வயரை டிவியில் செருகினாள். நல்லவேளை, படம் வந்தது.

"அட! இது இன்னுமா இருக்கு?" என்று அவன் ஓடிவந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்த "அட"வைக்கூட அவள் நம்பவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். மற்றது அவள் மடியில்.

"நீ முதல்ல ஆடு" என்றாள்.

மொட்டையன் லாந்தரை ஆட்டிக்கொண்டு நடந்தான். முதல் பள்ளம் வந்தது. குனி, குனிந்து தொலையேன்டா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இவன் தம்பியாகவே இருந்துவிட வேண்டும் என்று தனக்கு இத்தனை ஆசை இருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மொட்டையன் குனியவில்லை. ஓடின ஓட்டத்தில் நேராகத் தாவி அக்கரையில் நின்றான். இரண்டாவது பள்ளத்தையும் அப்படியே தாண்டினான். இந்தப் பெட்டியில் அது எப்படி முடிந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவன் குனியவில்லை என்பது ஒன்றுதான் கண்ணில் நின்றது.

எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

"நீ என் தம்பி இல்ல. அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பிடு."

"என்னக்கா ஆச்சு?"

"அக்கான்னு கூப்பிடாதே. எந்திரி!"

அவன் திகைத்துப் போய் அவளைப் பார்த்தான். இருட்டிக் கிடந்த டிவியைப் பார்த்தான். கையிலிருந்த கண்ட்ரோலரைப் பார்த்தான். மெதுவாக நாக்கைக் கடித்துக்கொண்டு, திருட்டுமுழி முழித்தான்.

"ஐயையோ, குனிய மறந்துட்டேன்!"

குனிவதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவே இல்லையே!

"பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் கண்ட்ரோலர்தான் மக்கர். குனிஞ்சாத்தான் தாவும்னு நீயா சொன்னே. என்னோடதுல அப்படி இல்லன்னு தெரிஞ்சா நீ பிடுங்கிக்குவே. அதான் நீ பார்க்கிறப்போ மட்டும் நானும் குனிய வெச்சேன்."

"பொய் சொல்லாதே."

அவன் எழுந்து டிவியைப் போட்டுவிட்டுத் தன் கையில் இருந்ததை அவளிடம் நீட்டினான். "நீயே பாரு."

அதை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடவிட்டால்தானே! மொட்டையனைப் பள்ளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், குனிய வைக்காமல் பட்டனை அழுத்தினாள். சடாரென்று தாவினான். அவனிடம் தோற்றபோதெல்லாம் தனக்குக் கை வேகம் போதாது, தான் மக்கு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே!

"அடப்பாவி! திருட்டுப் பயலே!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் இன்னொன்று. "தோத்தாங்குளின்னு கேலி வேற பண்ணினியேடா, நாசமாப் போறவனே!"

"வலிக்குதுக்கா! விடுக்கா!"

சத்தம் கேட்டு அம்மா தலைமுடியை அள்ளிச் செருகியபடி எழுந்து வந்தாள். "இதுங்களுக்கு வேற வேலையே இல்ல. மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

அவள் அவன் சட்டைக் காலரை விடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அம்மா, உன் பையன் என்னை ஏமாத்திட்டான்மா" என்றாள்.