தலை சொன்ன சரி

விளம்பர ஆட்டோவில் கேட்கும் பெண் குரல் என்னுடையது. வடக்குத்து ஊரில் மளிகைக்கடை திறப்பு, சேத்தியாத்தோப்பு மெத்தைக் கண்காட்சி, எலி மருந்து, காணாமல்போன பசுமாடு, எல்லாம் இந்தப் புவனாதான். யார் கேட்டாலும் "சரிங்க" என்றுவிடுவேன். ஒருமுறை மாட்டேன் என்றால் மறுமுறை கூப்பிட மாட்டார்களே என்று பயம். என் கணவர் சிவசங்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியர். நானோ எதிரொலி வராமலிருக்கக் குவார்ட்டர்ஸ் அலமாரிக்குள் தலையை நுழைத்து, போர்வைகளுக்கு நடுவே கத்திப் பதிவு செய்கிறவள்.

கத்திக் கத்திப் போன வாரம் தொண்டை படுத்துவிட்டது. "மூணு நாள் வாயே திறக்கக் கூடாது" என்றார் டாக்டர். சனிக்கிழமை எனக்குக் குரல் தேர்வு வேறு; வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். சென்னையில் ஒரு நிறுவனம் குழந்தைகளுக்காக முப்பது கதைகளை ஒலிநூலாக்குகிறது. கதை சொல்லும் ஆசையில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனம் காத்தேன்.

வாய்க்குத்தான் லீவு. தலை டியூட்டியில் இருந்தது. பக்கத்து பிளாக் பிரபாவதி அக்கா, பேரனின் பிறந்தநாள் விழாவில் மைக் பிடிக்கக் கூப்பிட்டார். தலை சரியென்று ஆடியது. ஆட்டோ விளம்பரம் எடுக்கும் அசோக்குமார் அண்ணன், வெள்ளிக்கிழமை நாற்பது விளம்பரம், எல்லாம் கத்திப் பேச வேண்டும் என்றார். அதற்கும் ஆடியது.

"தலை ஆடாம இருக்க, டாக்டரக் கழுத்துக்கும் ஒரு பட்டை போடச் சொல்லலாமா?" என்றார் சிவசங்கர்.

வெள்ளிக்கிழமை காலை குரல் திரும்பிவிட்டது. சந்தோஷத்தில் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தபோது, காகிதக் கட்டோடு அசோக்குமார் அண்ணன் வாசலில் நின்றார்.

"ஆட்டோ ரெடியா நின்னுகினு இருக்குது தங்கச்சி. ஆரம்பிச்சிடலாமா?"

இன்று கத்தினால் நாளை காற்றுதான் வரும். ஆனாலும் தலை கீழே இறங்கத் தொடங்கியது. முகவாயைக் கையால் பிடித்து நிறுத்தினேன், நிஜமாகவே.

"முடியாதுண்ணே."

"ஏம்மா, தொண்டை இன்னும் சரியாவலையா?"

அருமையான சாக்கு. ஒரு இருமல் போதும். ஆனால் திங்கட்கிழமை இதே கட்டோடு வந்து நிற்பாரே!

"சரியாயிடுச்சுண்ணே. அதனாலதான் முடியாது. கத்துற வேலை இனிமே வேணாம். பேசுற வேலை இருந்தா கூப்பிடுங்க. அன்னிக்குத் தலையாட்டினது என் தப்புதான்."

அண்ணன் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இத அன்னிக்கே இப்பிடி ஆட்டியிருக்கலாம்ல?" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், கதவைச் சாத்திவிட்டுக் குதித்தேன். அதே சூட்டில் பிரபாவதி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"முடியாதுக்கா."

"சரி வுடு, நம்ம மாடி வீட்டு ஹரிணியக் கேக்குறேன்."

இவ்வளவுதானா! இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்? மறுக்க வேறு ஆளில்லாமல், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த சிவசங்கரைப் பிடித்தேன்.

"ஏதாவது கேளுங்களேன்!"

"ஒரு டீ?"

"முடியாது!"

போட்டும் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை அலமாரிக்குள் தலையை நுழைத்தேன். அதே நேரம் தெருவில் விளம்பர ஆட்டோ வந்தது. அசோக்குமார் அண்ணனே பேசியிருந்தார். "மெத்தை வாங்கினால் தலையணை இலவசம்" என்னும் இடத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பாவமாகவும் இருந்தது.

ஆட்டோ தெரு திரும்பும்வரை காத்திருந்து, கதையின் முதல் வரியைப் படித்தேன். குரல் பிசிறே இல்லாமல் வந்தது. அதைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் கேட்ட என் குரலை நான் கேட்டது அன்றுதான்.