ஒன்பது நொடி ரமிரோ

ஒன்பதே நொடிதான். பேஸ்பால் மைதானத்து வாசலில் டிவிக்காரர்கள் எடுத்த செய்திப் படம். ரசிகன் ஒருவன் மைக்கில் கத்துகிறான். அவனுக்குப் பின்னால் ரமிரோ ஒரு வெள்ளை வண்டியில் ஏறுகிறான். கதவைத் திறந்துவிடுகிற ஆளின் முகம் பாதி தெரிகிறது. அதன் பிறகு ரமிரோவை யாரும் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகிறது.

காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் எர்மோசியோ நகரத்துத் தாய்மார்களின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டது ரமிரோவின் அம்மா எர்லிந்தாதான். பக்கமென்றால் சும்மாவா? பிள்ளைகளின் எலும்பாவது கிடைக்க எந்த மேட்டில் தோண்ட வேண்டும் என்று முகம் தெரியாதவர்கள் துப்புக் கொடுப்பதே அங்கேதான். டிவி நிறுவனமோ, ‘எங்கள் படம், எங்கள் உரிமை’ என்று புகார் செய்து எடுக்க வைத்தது. எடுக்க எடுக்க இவளும் திரும்பப் போட்டாள். பெற்ற வயிறு கேட்குமா? மூன்று புகார் சேர்ந்தால் மூடிவிடுவது அந்தத் தளத்தின் விதி. மூன்றாவதும் வந்தாயிற்று, இன்று மாலை ஆறு மணிக்குப் பக்கமே மொத்தமாக அழிந்துவிடுமாம். வெந்த புண்ணில் வேல்!

நிறுவனத்து வக்கீலம்மாவைப் போனில் பிடித்தாள்.

“நாங்க யாரும் உக்காந்து பாக்கிறதில்லைம்மா. எங்க போட்டாலும் மெஷினே கண்டுபிடிச்சிடும்.”

“எவ்வளவு நேரத்துல?”

“அரை மணி நேரம் போதும்.”

“ஆறு வருஷமா மண்ணைக் கிளறிக்கிட்டு இருக்கேனே தாயி! என் பிள்ளையைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு மெஷின் இல்லையா?”

“ஆறு மணிக்குள்ள மறுப்பு மனு போடுங்கம்மா, பக்கம் அழியாது” என்றாள் வக்கீலம்மா.

மனுவில் வீட்டு முகவரி கேட்டிருந்தார்கள். அது புகார் கொடுத்தவர்களுக்குப் போகும். அங்கிருந்து எவன் கைக்குப் போகுமோ, யார் கண்டது? தேடுகிற தாய்மார்கள் முகவரியை ஒருவரிடமும் சொல்வதில்லை. சொன்ன ஒருத்தியை, பிள்ளையைக் கடத்தினவர்களே வந்து வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள். அதனால் எர்லிந்தா வழக்கம்போல மாதா கோயில் முகவரியை எழுதி அனுப்பினாள். செல்லாது, சொந்த முகவரி வேண்டும் என்று மனு திரும்பி வந்துவிட்டது.

மணி ஐந்தே முக்கால். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் அடித்து அனுப்பினாள். அவளோடு மண்வெட்டி பிடித்து அலையும் இன்னொரு தாய் சொக்கோரோ எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள்.

“அய்யோ அக்கா, புத்தி பிசகிப் போச்சா? அன்னைக்கு வண்டியில ஏத்தினவனே வந்து கதவைத் தட்டுவான்!”

“தட்டட்டும்டி. என் பிள்ளை எங்கேன்னு அவனுக்குத்தானே தெரியும்?”