கடைசிப் பக்கத்திலிருந்து

கச்சிராயபாளையம் சரத்குமாரின் கல்யாண ஆல்பத்தை அச்சடிக்க வேண்டாம் என்று அவன் அண்ணன் அய்யப்பன்தான் போன் செய்து சொன்னார். கல்யாணமாகிப் பதினாறாவது நாள், கரும்பு லோடோடு ரோட்டோரம் நின்றிருந்த டிராக்டரின் பின்னால் சரத்குமாரின் பைக் மோதிவிட்டது. டிரெய்லரில் விளக்கே இல்லையாம்.

"அந்த ஃபைல அழிச்சிடும்மா. எங்கம்மா பாத்தா தாங்காது."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த டிஜிட்டல் பிரஸ்ஸில் ஆறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவள் செந்தமிழ்ச்செல்வி. சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் அழிக்கக் கை போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு பகல் வேளையில் அந்தப் பெண் வந்தாள். ஓனர் சேலம் போயிருந்தார். கூட வந்த அவள் அப்பா, பாவாடை என்று பெயர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிற கூலிக்காரர். மருமகன் போன நாளிலிருந்து அவர் எந்தக் கரும்புக் காட்டிலும் கால் வைக்கவில்லை.

"அக்கா, நான் சந்தியா. சரத்குமாரு..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

செல்விக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆல்பத்தின் அறுபது பக்கமும் திரையில் பார்த்துச் சரிசெய்தவள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்லக்கா. எல்லாம் என் போன்ல இருந்திச்சி. அன்னிக்கி அவரு போன்ல சார்ஜ் இல்லன்னு என்னுதையும் எடுத்துக்கினு போனாரு. ரெண்டுமே நொறுங்கிடிச்சி. ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்."

"அவங்க வூட்ல கேக்கலியா?"

"என் மூஞ்சியே பாக்க மாட்டேன்றாங்க. நான் வந்த நேரமாம்."

செல்வி எழுந்து ஆல்பத்துக்கென்று வாங்கி வைத்திருந்த முந்நூறு ஜிஎஸ்எம் கெட்டி அட்டைக் கட்டைப் பிரித்தாள். அது கீழ் டிரேக்களில் போகாது; வளைந்து மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டு டிரேயில்தான் வைக்க வேண்டும். அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி விசிறிவிட்டு, விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, கொஞ்சங்கொஞ்சமாக வைத்தாள். திரையில் தடிமனைத் தேர்ந்தெடுத்து, மொத்தப் பக்கத்தையும் ஓடவிட்டாள்.

கனமான அட்டை என்றால் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுக்கு வரிசையாக விழுவதற்காகக் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும். இதைச் சந்தியாவிடம் சொல்ல வேண்டும் என்று செல்விக்குத் தோன்றவில்லை.

முதலில் வந்தது மறுவீட்டு விருந்து. சந்தியா இரண்டு கையாலும் வாங்கினாள்.

"சூடா இருக்குக்கா" என்றாள். அட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை எடுக்கவே இல்லை.

பந்தி வந்தது. ஒரே இலையில் இருவரும். அம்மி மிதித்தது வந்தது. அடுத்துத் தாலி கட்டும் பக்கம் வர வேண்டிய இடத்தில் மெஷின் கிரீச்சென்று நின்றது. இரண்டு அட்டையைச் சேர்த்து இழுத்துவிட்டிருந்தது. செல்வி கதவைத் திறந்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்பி, உள்ளே சிக்கியதை வெளியே எடுத்தாள். சரத்குமாரின் முகத்துக்குக் குறுக்கே அட்டை மடிந்து வெடித்திருந்தது.

"வேற போட்டுத் தரேன், இரு" என்று குப்பைக்கூடை பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, போடாதீங்கக்கா! போடாதீங்க!" சந்தியா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். மடிப்பை விரலால் நீவினாள், நீவினாள், அது நேராகவில்லை. அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"பதினாறு நாள்ல இன்னா பெருசா பழக்கம், அழுதது போதும்ன்றாங்கக்கா. பதினாறு நாளு கம்மிதான். எனக்கு அவ்ளோதான குடுத்தாங்க?"

 செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு டிரேயில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து மறுபடி விசிறி வைத்தாள். மெஷின் ஓடியது. தாலி கட்டும் பக்கம் வந்தது. அதற்கடுத்ததில் சந்தியாவின் கழுத்தில் மாலை மட்டும் இருந்தது. பிறகு முந்தைய நாள் ரிசப்ஷன். கூட்டத்தில் யாரையோ பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக வந்தது முதல் பக்கம். கோமுகி அணைமேல் இரண்டு பேரும் ஒரு முழம் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். பின்னால் மலை.

"இது எடுக்கறப்போ அவர்கூட பேசவே பயமா இருந்திச்சி" என்றாள் சந்தியா. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் இருக்குதாக்கா?"

"இல்லம்மா. அவ்ளோதான்."

பைண்டிங் செய்யலாம் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். தனித்தனியாக இருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். செல்வி எல்லாவற்றையும் காக்கித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். பாவாடை உள்ளே வந்து அந்தக் கட்டை வாங்கிக்கொண்டார். அறுபது அட்டையின் கனத்தில் அவர் கை ஒருகணம் தாழ்ந்தது.

"இன்னாம்மா, இவ்ளோ கனமா கீது?" என்றார்.

 அவர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, மறுகையால் மகளின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தார். மணலூர்பேட்டை பஸ் புறப்படும்வரை செல்வி கண்ணாடிக் கதவருகிலேயே நின்றாள்.