ஒரு தலை மட்டும் திரும்பவில்லை

1

“அந்தச் சிரிப்பு என்னோடது. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அதை நீ எப்படி எடுத்துக் குடுப்ப?”

“நானா சிரிச்சேன்? படிச்சவங்க சிரிச்சாங்க.”

“படிக்க வச்சது யாரு?”

“படிக்கத்தானேங்க போர்டு. அழகுக்கா வச்சிருக்கேன்?”

“சாவுற சீன்லயாவது என்னை முதல்ல சாக விடுவியா? இல்ல, அதையும் முன்னாடியே போட்டுருவியா?”

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். ஒட்டுக்கேட்டதாக நினைக்க வேண்டாம். சுவர் மெல்லிசு, என் காது நல்ல காது, அந்த நேரம் பார்த்து அடுப்பையும் அணைத்திருந்தேன். அவ்வளவுதான்.

கத்தியவர் நாடக நடிகர். தெருவில் அவரை ஹீரோ என்போம். பால் பாக்கெட் வாங்க வந்தாலும் கடைக்காரரிடம் பக்கவாட்டு முகத்தைக் காட்டித்தான் பேசுவார். பதில் சொன்னவள் அவர் மனைவி. எங்களுக்கு அவள் பட்டனக்கா. பெயர்க்காரணம் அடுத்த பகுதியில் வருகிறது, அதற்குள் சண்டை முடிந்துவிடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காது கேளாதவர்களின் உலகம் ஆழ்ந்த அமைதி கொண்ட…’

அடித்துவிட்டேன். நாடகத்தில் அவர்கள் உட்காரும் வரிசைக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அரங்கத்திலேயே அதிகச் சத்தம் அங்கிருந்துதான் வரும். நாற்காலி கிரீச்சிடுகிறதே, நொறுக்குத்தீனிப் பொட்டலம் சரசரக்கிறதே என்ற கவலையெல்லாம் நமக்குத்தான்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்தது. ஆனாலும் உங்களுக்கு உதவும், அதனால் விட்டுவைக்கிறேன்:

நாடகத்தில் பேசுவதை அப்போதைக்கப்போதே எழுத்தாகக் காட்டப் பெரிய கம்பெனிகள் உண்டு. மேடைக்கு மேலே மின்னும் பலகை, இரண்டு ஆட்கள், அவர்களுக்கு ஒரு மேலாளர். அவர்கள் கேட்கும் தொகையைக் கொடுத்தால் நாடகக் குழு வேஷ்டி துண்டு இல்லாமல் நடிக்க வேண்டியதுதான். பட்டனக்காவிடம் இருந்தது, மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வாங்கிய டிவியும் பழைய லேப்டாப்பும். நாடகத்தின் வசனம் முழுவதையும் பகலில் வீட்டில் உட்கார்ந்து அடிப்பாள். நாடகத்தன்று டிவி மேடையின் ஓரத்தில் நிற்கும், அதைத்தான் போர்டு என்பார்கள். இவள் கடைசி வரிசையில், லைட்காரருக்குப் பக்கத்தில். அங்கே வசனம் நகர்ந்தால் இங்கே பட்டனைத் தட்டுவாள், திரையில் அடுத்த வரி வரும். நடிகர் ஒரு பக்கத்தைத் தாண்டிக் குதித்தால் விரலும் தாண்டிக் குதிக்கும். இல்லாத வசனத்தைச் சொந்தமாக அவிழ்த்துவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிட்டு, அவர் வழிக்கு வரும்வரை காத்திருப்பாள்.

[இதில் எனக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இருபது வருஷமாக எழுதுகிறேன். என் ஒரு வாக்கியத்துக்காகக்கூட யாரும் கழுத்தைத் திருப்பியதில்லை. அவள் ஒரு தட்டு தட்டினால் ஒரு வரிசையே திரும்புகிறது.]

3

அந்தத் திரும்பல்தான் கதைக்கு ஆதாரம், கவனித்துக்கொள்ளுங்கள். போர்டைப் படிப்பவர்கள் போர்டைப் பார்ப்பார்கள், உடனே மேடையைப் பார்ப்பார்கள், மறுபடி போர்டு. பின்னாலிருந்து பார்த்தால் டேபிள் டென்னிஸ் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்கும். பட்டனக்காவுக்கு அந்தத் தலைகள் ஆடுவதைப் பார்ப்பதில் தனி ஆனந்தம். கைதட்டலெல்லாம் புருஷனுக்கு, தலையாட்டல் தனக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு தலை ஆடவில்லை.

அது தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பெண்ணின் தலை. குழுவுக்கு உடைகளைப் பிடித்தும் தளர்த்தியும் தருபவள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனது, பேச்சு போகவில்லை. குரல் மட்டும் ஒரு படி உயரத்திலேயே நிற்கும். ‘நீ வந்து பாரு, நான் எழுத்து போடறேன்’ என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததே பட்டனக்காதான்.

இவளை அழகியாக எழுதுவதா என்று நிரம்ப யோசித்தேன். ‘அவளுடைய கண்கள்’ என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி… வேண்டாம். சுமாரான பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொறாமைக்கு அழகி வேண்டும் என்பது கல்யாணமாகாதவர்களின் நம்பிக்கை.

எல்லோரும் போர்டுக்கும் மேடைக்கும் அல்லாட, அவள் மட்டும் அசையாமல் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டுமா? அவர் மேடையில் இடப்பக்கம் போனால் தலை இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். அவருக்கு வசனமே இல்லாத காட்சியிலும் அப்படித்தான்.

அன்றிலிருந்துதான் பட்டனக்காவின் விரல் முந்த ஆரம்பித்தது. நகைச்சுவையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கேள்வி ஒரு திரையில், சிரிக்கவைக்கும் பதில் அடுத்த திரையில், அதுவும் நடிகர் வாயைத் திறக்கும்போதுதான். முதல் வாரங்களில் அப்படித்தான் செய்தாள். இப்போது அவள் பார்வை அந்தத் தலைமேல், விரல் தன் போக்கில். போர்டு வரிசை முதலில் சிரிக்கும், ஓரக்கண்ணால் போர்டைப் படித்த மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள், அதற்கப்புறம் ஹீரோ அந்த வசனத்தைப் பேசும்போது அரங்கம் கொட்டாவி விடும். ஆக, அவருக்குப் போர்டைக் கண்டால் எரிச்சல், அவளுக்கு அந்தத் தலையைக் கண்டால் எரிச்சல். இரண்டு எரிச்சலும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டன.

4

ஹீரோ முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி என்றால் குழுவை நடத்துபவர். டிக்கெட் கிழிப்பதும் அவரே.

“போர்டா நானான்னு முடிவு பண்ணுங்கண்ணே.”

“அது உன் பொண்டாட்டிப்பா.”

“வீட்ல பொண்டாட்டி. இங்க போர்டு.”

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக முதலாளி சொன்னார். போர்டு போனால் பட்டனக்காவுக்கு வேலை போகும். அந்த வரிசைக்கு நாடகமே போகும். அவர்களுக்காக எழுத்து போடும் குழு இந்த ஊரில் இது ஒன்றுதான். சனிக்கிழமை முழுக்க அவள் வசனங்களைத் திரும்ப உடைத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். சுவர் வழியாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஞாயிறு மட்டும் விரல் முந்தக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.*

* அவளே பிறகு என்னிடம் சொன்னது. இந்தக் கதையில் இதற்கு மட்டும் சாட்சி இருக்கிறது.

5

ஞாயிறு. நாடகம் ஒரு வீட்டுத் தரகரைப் பற்றியது. வீடு காட்டப்போன தரகருக்குக் குடிவர வந்த பெண்மேல் ஆசை வந்துவிடுகிறது. தரகர்தான் ஹீரோ. இடைவேளைவரை விரல் பத்தரைமாற்று. சிரிப்பெல்லாம் உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முதலாளிகூட ஓரமாக நின்று தலையை ஆட்டினார்.

பிறகு மொட்டைமாடிக் காட்சி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தன் மனதைத் திறக்கும் இடம், முழு நாடகமும் அதற்காகத்தான். வரிசை முழுக்கப் போர்டைப் பார்க்கிறது. ஒரு தலை மட்டும் ஹீரோவைப் பார்க்கிறது. லேசாக ஒருபக்கம் சாய்ந்து வேறு.

அந்தச் சாய்வு பொறுக்கவில்லை. பட்டனக்கா திரையைக் கறுப்பாக்கினாள்.

[இங்கே ‘அவள் கை நடுங்கியது’ என்று எழுதியிருந்தேன். பொய். திடமான கை.]

வரிசையில் முதலில் ஒருவர் கையைத் தூக்கினார். அடுத்தவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்து, பின்னால் திரும்பி, கைகளை வீசி, ‘என்ன சொல்றா, அவ என்ன சொல்றா’ என்று கேட்டார்கள். மேடையில் அந்தப் பெண் தன் காதலைச் சொல்லிக்கொண்டிருக்க, அரங்கம் முழுக்க இந்தப் பக்கம் பார்த்தது. பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தபிறகு தையல்காரியும் திரும்பினாள். மூன்றாவது வாரத்துக்கு அப்புறம் இதுதான் முதல் முறை. திரையைப் பார்த்தாள், பிறகு நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

பட்டனக்கா எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்குள் காதல் முடிந்துவிட்டிருந்தது.

6

ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் பின்னால், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே, இருவரும். உதட்டைப் படிக்க வசதியாகத் தையல்காரி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“என்னக்கா, கரன்ட் போச்சா?”

“உனக்கென்ன அதைப் பத்தி? நீதான் என் போர்டைப் பாக்கறதே இல்லையே.”

“பாத்தேனே. முதல்ல ரெண்டு வாரம் பாத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அண்ணனைப் பாத்தாலே போதும்னு ஆயிடுச்சு.”

[நானாக இருந்தால் கத்தரிக்கோலைத் தேடியிருப்பேன். பட்டனக்கா பொறுமைசாலி.]

“என்ன போதும்?”

“அவர் வாய்க்கா. எல்லார் வசனத்தையும் அவரே சொல்லிக்கிட்டு இருக்காரு. சத்தம் வராதுபோல, நீங்க யாரும் கண்டுக்கல. உதடு மட்டும் அசையும். அப்பாவா வர்றவர் பேசினாலும் இவர் வாய் அசையும், அந்தப் பொண்ணு பேசினாலும் அசையும். ஒரே ஆளைப் பாத்தா முழு நாடகமும் கிடைக்குது. எனக்குக் கழுத்து வலி மிச்சம்.”

காது கேட்பவர்கள் பேசுகிறவரைத்தான் பார்ப்பார்கள். பேசாமல் நிற்பவரின் வாயை யார் பார்க்கிறார்கள்? அடுத்தவர் வசனத்தை முணுமுணுப்பது, நடிப்புப் பழக வந்த முதல் மாதமே அதட்டி நிறுத்தப்படும் பழக்கம். ஹீரோவிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை. இது குழுவுக்குத் தெரிந்தால் அவர் மானம் கப்பலேறும்.

பட்டனக்காவுக்கு அது உறைத்தது. ஆனால் கேட்டது வேறு.

“மொட்டைமாடி சீன்ல அந்தப் பொண்ணு ‘உங்களைப் பிடிச்சிருக்கு’ன்னு சொல்லுவாளே. அது?”

“அதுவும் அண்ணன் வாய்லதான்.”

“எந்தப் பக்கம் பாத்துச் சொல்லுவாரு?”

தையல்காரி கொஞ்சம் யோசித்தாள். “நேரா பாத்து.”

நேராக என்றால் மேடையிலிருந்து போர்டு வரிசைதான் என்று பட்டனக்காவுக்குத் தெரியும்.

7

மாடியில் முதலாளியின் அறை. ஹீரோ குதித்துக்கொண்டிருந்தார். போர்டு வரிசைக்காரர்கள் ஏற்கெனவே வந்து, ஆளுக்கு ஒரு ஃபோனில் எழுதி மேஜைமேல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே கேள்வி: அவள் என்ன சொன்னாள்?

“இருக்கும்போது இடைஞ்சல்னு நீ சொன்ன. இல்லாதப்ப பாரு, சண்டைக்கு வந்து நிக்கறாங்க. போர்டு இருக்கட்டும்பா” என்றார் முதலாளி. பிறகு வாசலில் நின்ற பட்டனக்காவைப் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு நாள் உன்மேல குத்தம் சொன்னாரு. நீ ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?”

இருந்தது. ஒரே வரி. சொன்னால் ஹீரோ வாயை மூடிக்கொள்வார், தையல்காரி போர்டைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்த மனிதர் இந்தக் குழுவில் இனி நிமிர்ந்து நிற்க முடியாது.

முதல் முடிவு: சொல்லிவிட்டாள். எழுதிப் பார்த்தேன், அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

இரண்டாவது: விழுங்கிவிட்டாள். இது உயர்ந்த குணம். அவளைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

மூன்றாவதில் தையல்காரியையே மேலே வரவைத்தேன். ஆனால் அவள் கீழே, வயர் சுற்றிக்கொண்டிருந்த லைட்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளை அங்கிருந்து நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் முகத்துக்கு நேரே யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். கதாசிரியர் என்ற முறையில் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். அடுத்த நாடகத்தில் ஹீரோ மீசையோடு வந்தார். சாதாரண மீசை இல்லை, மேலுதட்டை விழுங்கிக் கீழுதட்டையும் எட்டிப்பார்க்கும் மீசை. யார் யோசனை என்று கேட்டேன். “வீட்லதான். கம்பீரமா இருக்குன்னா” என்று தடவிக்கொண்டார். தையல்காரியின் தலை எல்லாத் தலைகளையும்போல் போர்டுக்கும் மேடைக்கும் ஆடியது. பட்டனக்காவின் விரலும் நிதானத்துக்கு வந்தது. வேறு இரண்டு குழுக்களும் அவளைக் கூப்பிட்டன.

மறு வருஷம் தையல்காரிக்கும் லைட்காரருக்கும் கல்யாணம் ஆனது. பட்டனக்கா முன்னால் நின்று எல்லாம் செய்தாள், அத்தனை உற்சாகத்தை அவளிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புதுத் தம்பதி வேறு ஊருக்குக் குடிபோனார்கள். தையல் மெஷினை வண்டியில் ஏற்றியதும் ஹீரோதான்.

அந்த வாரமே மீசை போய்விட்டது. பால் வாங்க வந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

“என்னப்பா, வீட்ல எடுக்கச் சொன்னாளா?”

“அவ ஒண்ணும் சொல்லலக்கா. நானாத்தான் எடுத்தேன்.” பக்கவாட்டு முகத்தைக் காட்டவில்லை. பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இனிமே எதுக்கு அது?”

அந்த ‘இனிமே’யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். பட்டனக்காவின் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.