ஐடா மிஸ் ஆட்டிய தலை

ரயிலில் நின்று நின்று பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை. ஐடா நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். ரயில் புறப்படும் மாரிகுப்பத்தில் ஏறினால் இடம் கிடைக்கும். பெங்களூரிலிருந்து திரும்பும்போது நிற்கத்தான் முடியும்.

கணக்கு டீச்சரான அவளைப் பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் கவுன்சிலர் ஆக்கத்தான் அந்தப் பயிற்சி. பிள்ளை பேசினால் குறுக்கே விழாதே, முகத்தைப் பார், தலையாட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைக்காக மேலே இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது கடைசி நாள் சாயங்கால வகுப்பு. அது தொடங்குமுன்பே கோலார் தங்கவயலிலிருந்து வந்த அவள் ஊர் ஆட்கள் பையைத் தூக்கிவிட்டார்கள்.

"ட்ரெயின வுட்டா பிளாட்பாரத்துலதான் படுக்கணும், வாங்க மிஸ்" என்றாள் கூட வந்த ஈவ்லின். ஐடாவும் ஓடினாள்.

இப்போது ஹெட்மாஸ்டர் ராஜேந்திரனின் அறை. எதிரே பத்தாம் வகுப்பு அமலா, பக்கத்தில் அவள் அம்மா ஜெயம்மா. ஜெயம்மா விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் ஆபீஸ் கூட்டுகிறவள். வீட்டில் அமலாவின் அப்பா பக்கவாதத்தில் கிடக்கிறார். அவரைப் புரட்ட, கழுவ, ஊட்ட அமலாதான். பாதி நாள் பள்ளிக்கு வர முடிவதில்லை.

"பரீட்ச மட்டும் எழுத வுடச் சொல்லுங்க மிஸ். பாஸாயிட்டா நர்சிங் போயிருவேன்" என்று போன மாதம் அழுதாள்.

"நான் சார்கிட்ட பேசுறேன்டி" என்று ஐடா சொல்லியிருந்தாள்.

"எழுதினா ஃபெயில்தாம்மா. அப்புறம் நம்ம ஸ்கூல் ரிசல்ட் இன்னா ஆவுறது? டி.சி. வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவர் முடிக்கட்டும் என்று ஐடா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதில் ஆரம்பிப்பது? அப்பாவின் நோயிலா, பிள்ளையின் மார்க்கிலா? தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, மிஸ்ஸே தலையாட்டுறாங்க. பெங்களூர்ல ட்ரெய்னிங் எடுத்தவங்க."

ஜெயம்மா திரும்பினாள். "அப்படியா மிஸ்? நீங்களே சொன்னா சரி." டி.சி. படிவத்தோடு ஹெட்மாஸ்டர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இல்ல ஜெயம்மா, நான் வந்து..."

"வந்து இன்னா மிஸ்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கேட்டுக்கினு இருந்தேன் சார்."

ஜெயம்மா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

வெளியே வராந்தாவில் அமலா நின்றாள். அழவில்லை.

"இன்னா மிஸ், பூம்பூம் மாடாட்டம் ஆட்டிட்டீங்க? இதுக்குத்தான் பெங்களூரு போனீங்களா?"

"ஏய்! மிஸ்ஸாண்ட இன்னா பேச்சு?" ஜெயம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "மனசுல வச்சுக்காதீங்க மிஸ். நல்லதுக்குத்தான சொல்லியிருப்பீங்க."

இருவரும் கேட்டைத் தாண்டும்வரை ஐடாவால் அசைய முடியவில்லை. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்ப ஓடினாள்.

"சார், அந்த டி.சி..."

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. போய் கிளாஸ் எடுங்க மிஸ்."

அமலாவுக்காகப் பேசுகிறேன் என்று ஐடா கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி.